டாக்டர்கிட்ட கேளுங்க: "மூணாவது நாள் நானே கடைக்குப் போய் வாங்கிக் குடுத்துட்டேன்"

இந்த இதழுக்கு வந்த கடிதங்கள், வாட்ஸ்அப் கேள்விகள் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா சிகரெட், பீடி, புகையிலை பத்தித்தான் நெறைய வந்திருக்கு, அதுலயும் பழக்கம் இருக்கறவங்கள விட அவங்க வீட்ல இருக்கறவங்க எழுதினதுதான் அதிகம். அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் யாருதும் போடல, ஊர் மட்டும்.

"என் வீட்டுக்காரருக்கு 41 வயசு. தினமும் ஒரு பாக்கெட் சிகரெட். ஒவ்வொரு வருஷமும் ஒண்ணாம் தேதி விடறேன்னு ஆரம்பிப்பார். போன தடவை ரெண்டு நாள் ஒழுங்கா இருந்தார், மூணாவது நாள் பையன் தண்ணி பாட்டிலைக் கீழ போட்டதுக்கு அடிக்கக் கை ஓங்கிட்டார். எனக்கு பயம் வந்து நானே கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன். அஞ்சு நிமிஷத்துல சாதுவா ஆயிட்டார். இவருக்கு மன உறுதியே கிடையாதா டாக்டர்?" (திருப்பூர்)

நீங்க வாங்கிக் குடுத்தத நெனச்சு மனச வருத்திக்காதீங்கம்மா. சிகரெட்ட விட்டதும் வர்ற எரிச்சலும் ஏக்கமும் ரெண்டாவது, மூணாவது நாள்தான் உச்சம், பாதிப் பேர் வீட்ல அங்கதான் உடையுது, அது உச்சம்னு யாரும் முன்னாடியே சொல்லிக் குடுக்காததால "முதல் மூணு நாளே இப்படின்னா வாழ்நாள் பூரா எப்படி"ன்னு நெனச்சு விட்டுடறாங்க. அதத் தாண்டிட்டா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், மூணு நாலு வாரத்துல உடம்பு பழைய நெலமைக்கு வந்துடும். உங்க வீட்டுக்காரர் உச்சி வரைக்கும் ஏறிட்டாரு, எறங்க ஆரம்பிக்கற எடத்துல திரும்பிட்டாரு, அவ்ளோதான்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா கோவம் பாதி கொறஞ்சுடும். பொகைய இழுத்த 10, 20 செகண்ட்ல நிகோடின் மூளைக்குப் போயிடுது, அங்க சந்தோஷ உணர்வக் குடுக்கற டோபமைன சுரக்க வைக்குது, வருஷக்கணக்கா இது நடந்தா நிகோடின வாங்கிக்கற ரிசெப்டாருங்க எண்ணிக்கையிலயே கூடிப் போயிடும். ரத்தத்துல இருக்கற நிகோடின் சுமார் 2 மணி நேரத்துல பாதியாயிடும், அதனாலதான் ஒரு பாக்கெட் குடிக்கிறவர் மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு வெளிய போறாரு, ராத்திரி முழுக்கத் தூங்கினதுக்கப்புறம் காலைல பல்லு கூட வெளக்காம பத்த வைக்கிறாரு. "சிகரெட் குடிச்சா டென்ஷன் கொறையுது"ன்னு அவர் சொல்றது பொய் கெடையாது, நிஜமாவே கொறையுது, ஆனா அந்த டென்ஷன்ல பெரும்பங்கு முந்தி குடிச்ச சிகரெட் எறங்கினதால வந்தது. நீங்க பாத்த அந்த அஞ்சு நிமிஷ சாதுத்தனமும் இதுதான்.

இத மன உறுதியால மட்டும் சமாளிச்சே ஆகணும்னு எந்த டாக்டரும் சொல்லக் கூடாது, சுகர் பேஷண்ட்கிட்ட மன உறுதியா இருங்க மாத்திரை வேணாம்னு நாங்க சொல்றதில்லையே. இதுக்கு மருந்து இருக்கு, நம்ம ஊரு மெடிக்கல் ஷாப்லயே இருக்கு. நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே கெடைக்கும். காலைல எந்திரிச்ச அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பத்த வைக்கிறவரா இருந்தா அவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். தோல்ல ஒட்டற பேட்ச்சும் இருக்கு, பேட்ச்சும் கம்மும் சேத்து யூஸ் பண்றது தனித்தனியா யூஸ் பண்றத விட நல்லா வேலை செய்யும். வரெனிக்லின், புப்ரோப்பியான்னு ரெண்டு மாத்திரை இருக்கு, டாக்டர பாத்துதான் ஆரம்பிக்கணும், வலிப்பு நோய் இருக்கறவங்களுக்கு புப்ரோப்பியான் குடுக்கவே மாட்டோம்.

கம் வாங்கி "ஒண்ணும் பிரயோஜனமில்ல, விக்கல்தான் வந்துச்சு"ன்னு தூக்கிப் போடறவங்க நெறைய பேரு, காரணம் அத சாதா சூயிங்கம் கணக்கா மென்னு தள்ளறாங்க. அப்படி மென்னா நிகோடின் எச்சிலோட வயித்துக்குப் போயிடும், விக்கல், நெஞ்செரிச்சல் வரும், ரத்தத்துல ஏறாது. மெதுவா மெல்லணும், நாக்குல சுருக்குனு மிளகு காரம் தெரிஞ்சதும் நிறுத்திட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும், காரம் போனதும் மறுபடி ரெண்டு மெல்லு, எடம் மாத்தி ஒதுக்கு, இப்படி ஒரு கம் அரை மணி நேரம் வரும். போடறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி இருந்தே டீ, காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது, வாய்ல புளிப்பு இருந்தா நிகோடின் உள்ள எறங்காது.

அப்புறம் காபி டீ விஷயம், இத யாரும் சொல்றதே இல்ல. சிகரெட் பொகையில இருக்கற தார், டீ காபியில இருக்கற கஃபைன கல்லீரல்ல வேகமா அழிக்க வைக்கும். சிகரெட்ட விட்டதும் அந்த வேகம் கொறஞ்சுடும், அதே நாலு டீ குடிச்சாலும் கஃபைன் ரத்தத்துல முன்ன விட ரொம்ப அதிகமா நிக்கும், தூக்கம் வராது, கை நடுங்கும், படபடன்னு வரும், எரிஞ்சு விழுவாரு, எல்லாரும் சிகரெட் விட்டதால வந்துச்சுன்னு நெனப்பாங்க. விடற அன்னைக்கே டீ காபிய பாதியாக்கிடுங்க. மலச்சிக்கல் வரலாம், பழம், கீரை, தண்ணி கூட்டிக்கோங்க. சிலருக்கு விட்டதுக்கப்புறம் இருமலும் சளியும் கூடும், நுரையீரல் சுத்தம் பண்ற மயிரிழைங்க திரும்ப வேலை செய்யறதால வர்றது, பயப்படத் தேவையில்ல, ஆனா சில வாரம் தாண்டியும் நிக்கலன்னாலோ சளியில ரத்தம் வந்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்.

அடுத்த தடவை தேதிய ஒண்ணாந்தேதின்னு வைக்காதீங்க, அவருக்கு வேலை ப்ரெஷர் கம்மியா இருக்கற வாரமா பாத்து வைங்க, அந்த மூணாவது நாள் ஞாயித்துக்கிழமை வர்ற மாதிரி பாத்துக்கோங்க, பசங்கள பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க, கம் அவரு சட்டைப் பையில முன்னாடியே இருக்கட்டும்.

"மாலை போட்டா 48 நாள் சிகரெட் நெனப்பே வராது டாக்டர், அஞ்சு வருஷமா போறேன். மலைக்குப் போய்ட்டு வந்து மாலையக் கழட்டின மறுநாள் மறுபடி ஆரம்பிச்சுடுது. 48 நாள் முடியுதுன்னா ஏன் 49வது நாள் முடியல?" (சேலம்)

இந்த மாச கேள்விகள்ல என்னைய ரொம்ப யோசிக்க வச்ச கேள்வி இது. 48 நாள்ல உங்க உடம்பு நிகோடின விட்டு முழுசா வெளிய வந்துடுது, மேல சொன்ன மூணு நாலு வாரக் கணக்க எல்லாம் நீங்க தாண்டிட்டீங்க, ஒரு தடவை இல்ல அஞ்சு தடவை. மறுபடி கூப்பிடறது உங்க உடம்பு இல்ல, உங்க பழைய நாள்.

மாலை போட்டதும் என்னெல்லாம் மாறுதுன்னு பாருங்க. விடிகாலைல எந்திரிச்சு குளிச்சுடறீங்க, முதல் சிகரெட் நேரம் பூஜையில போயிடுது. டீக்கடை பெஞ்சுல உக்காரறதில்ல. உங்கள "சாமி"ன்னு கூப்பிடற ஆளு யாரும் ஒரு தம் நீட்ட மாட்டான். சாயங்காலம் பஜனை. ராத்திரி சீக்கிரம் தூங்கிடறீங்க, தண்ணி பார்ட்டி கெடையாது. மூளைக்கு சிகரெட்ட ஞாபகப்படுத்தற ஒவ்வொரு எடமும், ஆளும், நேரமும் அந்த 48 நாளும் உங்க பக்கமே வரல. மாலையக் கழட்டினதும் அதே பெஞ்சு, அதே டீ கிளாஸ், அதே ஃப்ரெண்டு, கடையில தொங்கற அதே லைட்டர், ஒரே நாள்ல எல்லாம் திரும்ப வந்துடுது. மூளை இந்த தொடர்புகள சீக்கிரத்துல மறக்காது.

அதனால உங்களுக்கு பிளான் வேண்டியது 49வது நாளுக்கு. காலைக் குளியல், விளக்கு வைக்கிறது, அந்த நேரத்த மட்டும் மாத்தாதீங்க. டீக்கு வேற கடை, ஒரு மூணு மாசத்துக்கு. கூட மலைக்கு வந்த சாமிங்கள்ல யாராவது ஒருத்தர் சிகரெட் விடற நெனப்புல இருப்பாரு, ரெண்டு பேரும் சேந்துக்கோங்க, குருசாமிகிட்டயும் சொல்லிடுங்க, அவர் கேப்பாருங்கற நெனப்பே காப்பாத்தும். கையரிக்கற அந்த ஆசை வந்தாலும் பெரும்பாலும் சில நிமிஷந்தான் நிக்கும், அந்த நேரம் எந்திரிச்சு நடந்துடுங்க, ஒரு சொம்பு தண்ணி குடிங்க. ஒண்ணே ஒண்ணுன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, மூளையில அந்தப் பாதை அழியாம இருக்கறதால ஒண்ணுலயே பழைய கணக்குக்குப் போயிடுவீங்க.

"நான் நாளைக்கு ரெண்டே ரெண்டுதான், அதுவும் லைட்ஸ். வீக் எண்ட்ல கிரிக்கெட் ஆடறேன், ஃபிட்டாதான் இருக்கேன். இது சேஃப் லிமிட்தானே?" (சென்னை, 27 வயது)

இதுல சேஃப் லிமிட்னு ஒண்ணு கெடையாது தம்பி. 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 141 ஆய்வுகள சேத்துப் பாத்து ஒரு கட்டுரை வந்துச்சு, நாளைக்கு 20 சிகரெட் குடிக்கிறவருக்கு ஹார்ட் அட்டாக் மாதிரி இதய நோய் ஆபத்து எவ்ளோ கூடுதோ அதுல ஏறக்குறைய பாதி நாளைக்கு ஒண்ணு குடிக்கிறவருக்கே வந்துடுதுன்னு. இருபதுல ஒரு பங்குன்னு நாம போடற கணக்கு இதயத்துக்கு ஒத்து வராது, ரத்தக்குழாயோட உள் சுவர் கெடறதுக்கும் ரத்தம் கட்டி தட்டறதுக்கும் கொஞ்சூண்டு பொகையே போதும். லைட்ஸ்ங்கறது ஃபில்டர்ல ஓட்டை போட்டு மெஷின்ல அளக்கும்போது தார் கம்மியா காட்டற வேலை, ஆளு குடிக்கும்போது ஆழமா இழுப்பான், வெரல்ல அந்த ஓட்டைய மூடிடுவான், உள்ள போறது அதேதான். ரெண்டுல இருக்கும்போதே விடறதுதான் சுலபம், நீங்க நெனச்சா கம் கூட இல்லாம விட்டுடலாம்.

"என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். துணி தொவைக்கும்போது பேண்ட் பாக்கெட்ல சின்ன டப்பா, உள்ள வெள்ளையா டீ பேக் மாதிரி குட்டிக் குட்டிப் பை. உதட்டுக்குள்ள வச்சுக்கற புகையிலையாம், மிண்ட் வாசனை அடிக்குது. அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவார். என்ன பண்றது?" (மதுரை)

அப்பாகிட்ட சொல்லத்தான் வேணும், ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு அப்புறமா பையன்கிட்ட போங்க. அடிச்சா டப்பா ஒளிக்கற எடம் மாறும், வேற எதுவும் மாறாது.

இந்தப் பைய உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல வச்சா வாயோட மெல்லிய தோல் வழியா நிகோடின் நேரா ரத்தத்துக்குப் போகும், பொகை வராது, வாசனை மிண்ட், டீச்சர் பாடம் நடத்தும்போதே பையன் வாய்ல வச்சுட்டு உக்காந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது, அதுக்குத்தான் பசங்ககிட்ட இது இப்படிப் பரவுது. இந்த வயசுல மூளை இன்னும் வளந்துட்டு இருக்கு, அதனால பெரியவங்கள விட சீக்கிரம் அடிமையாவாங்க, தினமும் வைக்காத பசங்களுக்குக் கூட அந்த ஏக்கம் வந்துடும். கவனம் சிதறல், எரிச்சல், பசியில்லாம இருக்கறது இதெல்லாம் இருக்கான்னு பாருங்க, கீழ் உதட்ட மடிச்சுப் பாருங்க, வெள்ளையா சுருங்கின தோல் தெரிஞ்சா பல் டாக்டர்கிட்ட காட்டணும்.

அவன்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது "எப்ப வைக்கணும்னு தோணுது?" அப்படிங்கறதுதான். யாரு குடுத்தாங்க, எந்தக் கடைங்கறத அவன் மெதுவா சொல்லுவான். தன்னால நிறுத்த முடியலன்னு அவன் ஒத்துக்கிட்டா அது நல்ல செய்தி, உடனே குழந்தைகள் டாக்டர்கிட்டயோ மனநல டாக்டர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க, கம் எல்லாம் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க.

கடைக்காரர் விஷயத்துல மட்டும் நான் தயவு பாக்கச் சொல்ல மாட்டேன். 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குப் புகையிலை விக்கறதும், ஸ்கூல் காலேஜ்ல இருந்து 100 கெஜத்துக்குள்ள விக்கறதும் 2003 சட்டப்படி குத்தம். 2015 சிறார் நீதிச் சட்டத்துல 77வது பிரிவு இருக்கு, பிள்ளைங்களுக்கு புகையிலை குடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம். ஹெட்மாஸ்டர்கிட்ட நாலு பெத்தவங்க சேந்து போய் எழுதிக் குடுங்க, உங்க பையன் ஒருத்தன் மட்டும் அந்த டப்பாவ வாங்கியிருக்க மாட்டான்.

"எங்க அம்மாச்சிக்கு 68 வயசு. அம்பது வருஷமா வெத்தல பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. விடுங்கன்னா 'பொகையா விடறேன், நெஞ்சு கெட்டுப் போறதுக்கு?'ன்னு கேக்கறாங்க. இப்ப கொழம்பு சாதம் சாப்பிட்டா வாய் எரியுதுன்னு தயிர் சாதம் மட்டும் சாப்பிடறாங்க." (தஞ்சாவூர்)

அந்தக் கடைசி வரியப் படிச்சதும்தான் எனக்குக் கவலையாச்சு. அம்மாச்சிய இந்த வாரமே பல் டாக்டர்கிட்டயோ அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்கோ கூட்டிட்டுப் போங்க. காரம் பட்டா எரியறது, வாய் முன்ன மாதிரி அகலமா தொறக்க முடியாம போறது, இது ரெண்டும் வாய்த்தோல் உள்ளுக்குள்ள இறுகறதோட அறிகுறியா இருக்கலாம், அதுக்கு முக்கியக் காரணம் பாக்கு. அவங்க மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா நிமித்தி வச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாருங்க, போகலன்னா வாய் தொறக்கறது கொறஞ்சிருக்கு. கன்னத்துல, நாக்கு ஓரத்துல, அவங்க வெத்தலைய அதக்கி வைக்கிற பக்கத்துல வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு, கட்டி எது இருந்தாலும் விடக் கூடாது, செவப்பு இன்னும் ஆபத்து. வலி இல்லையேன்னு இருந்துடாதீங்க, ஆரம்பத்துல இதுல வலியே இருக்காது.

பொகை இல்லாத புகையிலையும் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா தெரிஞ்சது, வாயிலயும் உணவுக்குழாயிலயும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ல வெளியிட்ட தொகுப்புல வெறும் பாக்கையே புற்றுநோய்க் காரணியா சேத்துட்டாங்க. சுண்ணாம்பு சேரும்போது வாயில காரத்தன்மை கூடி நிகோடின் இன்னும் சுலபமா உள்ள போகும், அம்மாச்சிக்கு அது இல்லாம இருக்க முடியாததுக்கு அதுவும் ஒரு காரணம். ஒரேயடியா எல்லாத்தையும் புடுங்காதீங்க, பேச்சுத்துணை மாதிரி அம்பது வருஷம் இருந்தது. வெத்தலைய விட்டு வைங்க, புகையிலையையும் பாக்கையும் முதல்ல எடுங்க, பதிலுக்கு சோம்பு, கிராம்பு, ஏலக்காய் வச்சு மடிச்சுக் குடுங்க. டாக்டர் பாத்து முடிச்சதும் அவர் சொல்றபடி மேற்கொண்டு.

"லாரி டிரைவர், 36 வயசு. 15 வயசுல இருந்து பீடி, நாளைக்கு ரெண்டு கட்டு. ஆறு மாசமா கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்காலும் பாதமும் புடிச்சு இழுக்குது, நின்னா சரியாயிடும். இப்ப எடது கால் கட்டவெரல் நுனி கறுத்திருக்கு, ராத்திரி வலி தாங்கல. சுகர் டெஸ்ட் எடுத்தேன், இல்லன்னாங்க." (நாமக்கல்)

தம்பி, அடுத்த லோடு ஏத்தாதீங்க, இந்தப் பத்திரிகைய மூடி வச்சுட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு எங்கன்னு கேட்டுப் போங்க. பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்றதெல்லாம் பர்கர் நோய்ங்கற ஒண்ணோட ஒத்துப் போகுது. பீடி, சிகரெட் பிடிக்கிற சின்ன வயசு ஆம்பளைங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், காலு கையில இருக்கற ரத்தக்குழாய் வீங்கி உள்ள ரத்தம் கட்டி அடைச்சுடும், ரத்தம் போகாம வெரல் கறுக்கும், அப்புறம் அழுகும்.

இதுக்கு மெயின் வைத்தியமே புகையிலைய முழுசா நிறுத்தறதுதான். நாளைக்கு ஒண்ணு ரெண்டு பீடி இழுத்தாலும் நோய் நடந்துட்டே இருக்கும், முழுசா விட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் கால எடுக்கற நெலம வராது, விடாதவங்கள்ல நெறைய பேருக்கு வெரல்ல ஆரம்பிச்சு மேல மேல எடுக்க வேண்டியதாயிடும். திருப்பூர் அம்மாவுக்கு சொன்ன நிகோடின் கம், பேட்ச் உங்களுக்கு வேணாம், இந்த நோய்ல நிகோடினே கெடுதல், டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை எடுங்க. காலுக்கு சூடு ஒத்தடம் குடுக்காதீங்க, செருப்பில்லாம நடக்காதீங்க, கறுத்த எடத்த நீங்களா வெட்டாதீங்க.

"எனக்கு 60 ஆச்சு. இனிமே விட்டு என்ன ஆகப் போகுது?" (விழுப்புரம்)

நெறைய ஆகும் ஐயா. இங்கிலாந்துல டாக்டர்களையே 1951ல இருந்து தொடர்ந்து கவனிச்சாங்க, 50 வருஷக் கணக்கு 2004ல வந்துச்சு. விடாம சிகரெட் குடிச்சவங்க குடிக்காதவங்கள விட சராசரியா 10 வருஷம் முன்னாடி இறந்திருக்காங்க. 40 வயசுல விட்டவங்களுக்கு அதுல 9 வருஷம் திரும்பக் கெடச்சுது, 50ல விட்டவங்களுக்கு 6, உங்க வயசுல விட்டவங்களுக்கு 3 வருஷம். பேரன் பேத்தியோட 3 வருஷம்.

உங்க மாவட்டத்துலயே நடந்த ஒரு ஆய்வு இருக்கு. சென்னையிலயும் விழுப்புரத்துலயும் இறந்து போன 43,000 ஆம்பளைங்களோட விவரத்த, உயிரோட இருந்த 35,000 பேரோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, சென்னை டாக்டர் கஜலட்சுமியும் இங்கிலாந்தோட ரிச்சர்ட் பீட்டோவும் மத்தவங்களும் சேந்து 2003ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வெளியிட்டாங்க. நுரையீரல் புற்றுநோய்தான் பெருசா இருக்கும்னு வெளியூர்க்காரங்க நெனப்பாங்க, நம்ம ஊர்ல தெரிஞ்சது டிபி. பீடி சிகரெட் பிடிச்சவங்க டிபியால சாகறது பிடிக்காதவங்கள விட நாலு மடங்கு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா பீடி இருமல்தானேன்னு விடாம சளி டெஸ்ட் குடுங்க, அரசு ஆஸ்பத்திரில இலவசம்.

"ஃப்ரெண்டு வெளிநாட்ல இருந்து வேப் வாங்கிட்டு வந்தான். சிகரெட் விடறதுக்கு இது ஓகேவா?" (கோவை)

இந்தியாவுல 2019 சட்டப்படி இ-சிகரெட் விக்கறது, இறக்குமதி பண்றது, ஸ்டாக் வைக்கிறது எல்லாம் தடை. அதுல எவ்ளோ நிகோடின் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அளவு தெரிஞ்ச கம்மும் பேட்ச்சும் மெடிக்கல்லயே இருக்கும்போது இது எதுக்கு.

"சிகரெட் அட்டையில ஒரு போன் நம்பர் போட்டிருக்காங்களே, அதுல பேசினா நிஜமாவே யாராவது எடுப்பாங்களா? இந்தியிலதான் பேசுவாங்களா?" (தூத்துக்குடி)

1800-11-2356, காசு கெடையாது. 2018 செப்டம்பர்ல இருந்து எல்லா புகையிலை அட்டையிலயும் போடறாங்க. தமிழ்ல பேசலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில இருந்து தென்னிந்திய மொழிகளுக்கு ஆள் இருக்காங்க. ஆலோசகர் எத்தன வருஷமா, எத்தன, காலைல முதல் ஒண்ணு எப்பன்னு கேப்பாங்க, ஒரு தேதி குறிக்க வைப்பாங்க, அந்தத் தேதிக்கப்புறம் அவங்களே திரும்பக் கூப்பிட்டு எப்படி இருக்கீங்கன்னு விசாரிப்பாங்க. போன்ல பேசக் கூச்சமா இருந்தா 011-22901701க்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, மெசேஜ்லயே வழி சொல்லுவாங்க. நேர்ல போறதுன்னா சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல 2002ல இருந்து புகையிலை விடுவிப்பு மையம் இருக்கு, உங்க ஊர்லன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுலயோ நெஞ்சக நோய்ப் பிரிவுலயோ ஓ.பி. சீட்டு போட்டு "புகையிலை விடணும்"னு சொல்லுங்க. வீட்ல இருக்கறவங்களும் அந்த நம்பர்ல கூப்பிடலாம், எப்படித் துணையா இருக்கறதுன்னு கேக்கலாம்.